கான்டினென்டல் ஜிடி 650-இல் சைடுகார் பூட்டுவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

அம்மாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை ஆனபிறகு பைக்கின் பின்சீட்டில் காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியவில்லை. ஆட்டோ பிடித்தால் போய்விடலாம்தான். ஆனாலும் காற்று முகத்தில் அடிக்க என் வண்டியில் வருவதுதான் அம்மாவுக்குப் பிடிக்கும். வீட்டில் இருந்தது ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650. அதில்தான் சைடுகார், அதாவது பைக்கின் பக்கவாட்டில் பூட்டும் ஒற்றைச் சக்கரம் வைத்த இருக்கை, பூட்டினேன். கோவையில் எனக்குத் தெரிந்த ஒரு லேத் பட்டறை அண்ணன் கூடவே நின்று செய்து கொடுத்தார். ஒவ்வொரு அளவையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஸ்போர்ட் பைக் சாய்வதற்காகப் பிறந்த வண்டி. வளைவில் அது சாய்வதால் சக்கரத்துக்கும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்குக்கும், வண்டியின் எலும்புக்கூடான சேசிக்கும் வரும் பாரம் பெரும்பாலும் மேலிருந்து கீழாகவே இறங்குகிறது. பக்கத்தில் மூன்றாவது சக்கரத்தைப் பூட்டியதும் சாய்வு போய்விடுகிறது. அதுவரை படாத பக்கவாட்டு இழுப்பை எல்லா பாகமும் தாங்க வேண்டியிருக்கும். கீழே வரும் வேலைகள் எல்லாமே இந்த ஒரு மாற்றத்துக்குச் சொல்லும் பதில்கள்தான். 1923-இல் ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி பைக் பந்தயத்தில் முதன்முறையாக சைடுகார் பந்தயம் நடந்தபோது, ஃப்ரெடி டிக்சன் என்பவர் தன் டக்ளஸ் கம்பெனி பைக்கில், அதோடு சேர்ந்து சாயும் சைடுகார் ஒன்றைப் பூட்டி ஜெயித்தார். கூட வந்தவர் ஒரு நெம்புகோலை இழுத்து அதைச் சாய்த்தார். அப்போதே இந்தச் சிக்கலை எவ்வளவு ஆழமாக யோசித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் மரியாதை வருகிறது. நாம் பூட்டப்போவது சாயாத சாதாரண வகை.

முதலில் காகித வேலை

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. ஆகவே பைப் வாங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், உங்கள் வண்டிக்கு அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரியப்படுத்துங்கள். அனுமதி இல்லாமல் பூட்டி, விபத்து நடந்து, இழப்பீடு மறுக்கப்பட்டால் பாதிக்கப்படுவது பக்கத்தில் உட்கார்ந்து வரும் உங்கள் வீட்டு ஆள்தான்.

எந்த பைக் தாங்கும்?

ஜிடி 650-ஐ நான் தைரியமாக எடுத்ததற்குக் காரணம் அதன் சேசி. இரும்புக் குழாயில் செய்த டபுள் கிரேடில். எஞ்சினுக்கு முன்னால் இரண்டு குழாய் கீழே இறங்கி, எஞ்சினைத் தொட்டில் மாதிரி ஏந்திக்கொள்ளும். கிளாம்ப் போட இடம் கிடைக்கும். யமஹா ஆர்15 போன்றவற்றின் டெல்டாபாக்ஸ் சேசியிலும், 1000 சிசி பெரிய பைக்குகளின் அலுமினியச் சேசியிலும் முன்னால் இறங்கும் குழாயே கிடையாது. எஞ்சினே சேசியின் ஒரு பாகமாகத் தொங்கும். அவற்றுக்கு எஞ்சின் போல்ட்டுகளைப் பிடித்து அடியில் சப்ஃபிரேம் என்ற தனித் துணைச் சட்டம் ஒன்று கட்ட வேண்டும். முதன்முறை செய்பவர் அதில் கை வைக்க வேண்டாம்.

சைடுகாரின் எடை பைக்கின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அருகில் இருந்தால் நல்லது. ஜிடி சுமார் 200 கிலோ. எனவே 60 முதல் 70 கிலோ வரையிலான சைடுகார் பொருந்தும். ரொம்ப லேசாக இருந்தால் வளைவில் தூக்கிக்கொள்ளும். கனமாக இருந்தால் பைக்கை இழுத்துக்கொண்டு போகும்.

நான்கு பிடிகள்

நம் ஊரில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் சைடுகாரும் இடப்பக்கம்தான். சைடு ஸ்டாண்டைக் கழற்ற வேண்டும். அதன் ஸ்விட்ச்சை மெக்கானிக்கிடம் காட்டி முறையாக இணைத்துவிடுங்கள். வெறுமனே ஒயரை வெட்டி முறுக்கிவிட்டால் மழையில் எஞ்சின் நின்று போகும்.

சைடுகாரிலிருந்து வரும் கம்பிகளை பைக்கில் பூட்ட பிடி நான்கு வேண்டும். கீழே இரண்டு, மேலே இரண்டு. கீழ் முன்பிடி, எஞ்சினுக்கு முன்னால் இறங்கும் குழாயில். கீழ் பின்பிடி, ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) அச்சுக்குப் பக்கத்தில் உள்ள சேசியில். மேல் முன்பிடி, டேங்கின் கீழே, ஸ்டியரிங் தலைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு. மேல் பின்பிடி, சீட்டுக்குக் கீழே, ஷாக் அப்சார்பரின் மேல்முனைக்கு அருகில். கீழ் இரண்டும் இழுப்பையும் தள்ளலையும் தாங்கும், மேல் இரண்டும் பைக்கை நிமிர்த்திப் பிடிக்கும். நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு உறுதி. ஸ்விங் ஆர்மில் எதையும் பூட்டக்கூடாது. அது மேலும் கீழும் ஆடும் பாகம்.

ஜிடியில் இரண்டு பக்கமும் சைலன்சர் உண்டு. கீழ் பின்பிடிக்கு வரும் கம்பி இடப்பக்கச் சைலன்சரில் இடிக்காமல் வளைய வேண்டும். சூடானால் சைலன்சர் கொஞ்சம் நீளும். அதையும் சேர்த்து ஒரு விரல் இடைவெளி விட்டோம். செயின் இழுவையைச் சரிசெய்ய ஸ்பேனர் போக இடம் இருக்கிறதா என்பதையும் வெல்டிங்குக்கு முன்பே பாருங்கள்.

சேசியில் வெல்டிங் வைக்க வேண்டாம் என்பதை எவ்வளவு சொன்னாலும் போதாது. சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் குழாய் தன் பலத்தை இழக்கும், பல மாதம் கழித்து அங்கேதான் விரிசல் விடும். குழாயைச் சுற்றி இரண்டு பாதியாக இறுக்கும் கிளாம்ப் செய்யுங்கள். வெல்டிங் எல்லாம் கிளாம்ப்பிலும் சைடுகார் பக்கத்திலும் மட்டும். கம்பிகளுக்கு 3 மி.மீ. சுவருள்ள சீம்லெஸ் (இணைப்புக் கோடு இல்லாத) பைப். போல்ட் 12 மி.மீ.க்குக் குறையாத ஹைடென்சைல் (இழுவையைத் தாங்கும் உறுதியான வகை), தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்க வேண்டும். நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள். கம்பிகளின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் முனைகளில் மரை போதுமான அளவு உள்ளே இருக்க வேண்டும். 16 மி.மீ. மரை என்றால் 24 மி.மீ.யாவது உள்ளே. வெளியே லாக் நட்.

அளவுகள்: இங்கே ஒரு நாள் முழுக்கச் செலவிடுங்கள்

சமமான சிமென்ட் தரை வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். நீங்கள் ஓட்டும்போது இருக்கும் எடை வண்டியின்மேல் இருக்க வேண்டும். நான் பைக்கில் உட்கார்ந்துகொண்டேன், சைடுகாரில் அம்மாவின் எடைக்கு மணல் மூட்டை வைத்தோம்.

சைடுகார் சக்கரத்தின் அச்சு, பைக்கின் பின் அச்சுக்கு நேராக இருக்கக்கூடாது. கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். இதை லீட் என்பார்கள். பைக்கின் இரண்டு அச்சுக்கும் இடையே உள்ள தூரத்தில் 10 முதல் 25 சதவீதம். ஜிடிக்கு அந்தத் தூரம் 1398 மி.மீ. என்பதால் 140 முதல் 350 மி.மீ. வரை. நான் 220 வைத்தேன். லீட் இல்லாவிட்டால் வலப்பக்க வளைவில் பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்க முன்மூலையில் குத்தி, பின்சக்கரம் தூக்கும். அதிகமானால் டயர் தேய்ந்து, ஹேண்டில் கனத்துப்போகும். பைக்குக்கும் சைடுகார் சக்கரத்துக்கும் அகலம் 1.1 முதல் 1.2 மீட்டர்.

அடுத்தது டோ-இன். சைடுகார் சக்கரத்துக்கு எஞ்சின் இழுப்பு கிடையாது. அது பின்னுக்கு இழுப்பதால் வண்டி எப்போதும் இடப்பக்கம் போகப் பார்க்கும். சைடுகார் சக்கரத்தின் மூக்கைக் கொஞ்சம் பைக் பக்கம் திருப்பி வைத்தால் அது சமமாகும். எட்டடி நீள அலுமினிய பாக்ஸ் சேனல் இரண்டு எடுங்கள். ஒன்றை பைக்கின் வலப்பக்கம், பின் டயரை ஒட்டித் தரையிலிருந்து சாண் உயரத்தில் வையுங்கள். பின் டயர் 130 மி.மீ. அகலம், முன் டயர் 100 மி.மீ. ஆகவே முன் டயரின் முன்னோரத்திலும் பின்னோரத்திலும் சேனலுக்கு 15 மி.மீ. இடைவெளி வந்தால்தான் ஹேண்டில் நேராக இருக்கிறது என்று அர்த்தம். மற்றொன்றை சைடுகார் சக்கரத்தின் வெளிப்பக்கம் ஒட்டி வையுங்கள். இரண்டு சேனலுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்க வேண்டும்: முன் டயருக்குச் சற்று முன்னால் ஒரு அளவு, பின் டயருக்குச் சற்றுப் பின்னால் ஒரு அளவு. முன்னளவு 20 மி.மீ. குறைவாக இருக்கட்டும். அவசரத்தில் முதல்முறை நான் 40 விட்டுவிட்டேன். சைடுகார் டயரின் ஒரு ஓரம் ரம்பம் மாதிரி தேய்ந்து, தடவினால் கையில் குத்தியது.

மூன்றாவது, பைக்கின் சாய்வு. சாலை இடது ஓரத்துக்குச் சரிவாக இருக்கும், சைடுகாரும் அந்தப் பக்கமே இழுக்கும். அதனால் பைக்கை வலப்பக்கமாக 1 முதல் 1.5 டிகிரி சாய்த்து நிறுத்த வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். பின்சக்கரத்தின் ஓரமாகத் தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல்விளிம்புக்கும் உள்ள தூரத்தையும், கீழ்விளிம்புக்கு உள்ள தூரத்தையும் அளங்கள். ரிம் சுமார் 450 மி.மீ. உயரம். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 8 முதல் 12 மி.மீ. இருந்தால் சரி. மேல் கம்பிகளை நீட்டினால் பைக் வெளியே சாயும், குறைத்தால் உள்ளே வரும்.

சாய்வை மாற்றினால் டோ-இன் மாறும், டோ-இன்னை மாற்றினால் சாய்வு மாறும். பொறுமையாக மாறி மாறி அளக்க வேண்டியதுதான். எங்களுக்கு ஏழாவது சுற்றில் இரண்டும் நின்றது.

ஹேண்டில், ஷாக், பல்சக்கரம்

ஜிடியின் தாழ்ந்த கிளிப்-ஆன் ஹேண்டிலோடு (ஃபோர்க் குழாய்களிலேயே தனித்தனியாகப் பூட்டிய கைப்பிடிகள்) சைடுகாரைத் திருப்பினால் அரைமணியில் தோள் கழன்றுவிடும். அதே சேசியில் வரும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டரின் அகன்ற ஹேண்டிலுக்கும் அதற்குரிய மேல் யோக்குக்கும் (ஃபோர்க்கின் மேல்முனையைப் பிடிக்கும் தகடு) மாறினேன். கேபிளும் பிரேக் ஹோஸும் நீளமானது வேண்டும். ஸ்டியரிங் டேம்பர் கட்டாயம். வேகம் 20, 30 கி.மீ.யில் குறையும்போது ஹேண்டில் படபடவென்று ஆடும், டேம்பர்தான் அதை அடக்கும். சைடுகாருக்கென்றே லீடிங் லிங்க் என்ற வகை ஃபோர்க் உண்டு. அதைப் போட்டால் திருப்புவது பாதி சுலபமாகும். செலவு அதிகம், லேசான சைடுகாருக்கு முதலில் தேவையில்லை.

பின் ஷாக்கின் பிரிலோடை (ஸ்பிரிங்கின் ஆரம்ப இறுக்கம்) ஏற்றுங்கள். முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தால் கிளட்ச் தப்பிக்கும். சைடுகாரின் வெளிப்பக்கத்தில் முன்னும் பின்னும் விளக்கு, இடது இண்டிகேட்டர், ரிஃப்ளெக்டர் போடுங்கள். இரவில் எதிரே வருபவர் உங்களை வெறும் பைக் என்று நினைத்துவிடக் கூடாது.

ஓட்டக் கற்பது

பத்து வருடம் பைக் ஓட்டிய கை இங்கே உதவாது, தடுக்கவே செய்யும். பைக்கில் இடப்பக்கம் போக இடது கைப்பிடியை முன்னால் தள்ளிப் பழகியிருப்போம், தெரியாமலேயே. சைடுகாரில் அப்படித் தள்ளினால் வண்டி வலப்பக்கம் போகும். கார் மாதிரி, போக வேண்டிய பக்கம் ஹேண்டிலைத் திருப்ப வேண்டும். இது உடம்பில் ஏறும்வரை சாலைக்கு வராதீர்கள்.

காலி மைதானத்தில், சைடுகாரில் 50 கிலோ மணலோடு தொடங்குங்கள். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம் இழுக்கும். இந்த இரண்டையும் நேர்கோட்டில் ஓட்டிக் கை பழகட்டும். பிறகு பெரிய வட்டம், அப்புறம் எட்டு. இடப்பக்க வளைவுதான் ஆபத்து. வேகமாகத் திரும்பினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும். எழுந்தால் பதறிப் பிரேக்கை அழுத்த வேண்டாம். ஹேண்டிலைக் கொஞ்சம் நேராக்கி, ஆக்சிலரேட்டரை மெதுவாக விடுங்கள், சக்கரம் இறங்கிவிடும். மைதானத்திலேயே ஒன்றிரண்டு முறை மெதுவான வேகத்தில் அது எழுவதை உணர்ந்துகொள்ளுங்கள். நான் மூன்று வாரம் மணலோடு ஓட்டிய பிறகுதான் அம்மாவை ஏற்றினேன். சைடுகாரில் வருபவருக்கும் ஹெல்மெட் போடுங்கள்.

முதல் 100 கி.மீ. முடிந்ததும் டார்க் ரெஞ்ச் வைத்து எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். எங்கள் வண்டியில் மேல் முன் கிளாம்ப் கால் சுற்று தளர்ந்திருந்தது. பிறகு ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் நட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். தினமும் காலையில் சாவி போடும் முன் அந்தக் கோடுகள் உடையாமல் நேராக இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.