அரசியலமைப்பில் பேச்சுரிமையைத் தேடிப் படிப்பது எப்படி?

முகவுரையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அங்கே எல்லா நாடும் அழகாகத்தான் பேசும். நேராகப் பேச்சுரிமைப் பிரிவுக்குப் போய், அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்து வரும் விதிவிலக்குகளில் நிதானமாக உட்காருங்கள். ஒரு நாடு தன்னை யாரென்று நினைக்கிறது, எதைக் கண்டு பயப்படுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

ஒவ்வொரு விதிவிலக்கும் எந்த ஆண்டில் நுழைந்தது என்று பாருங்கள் (அடிக்குறிப்பு உள்ள பதிப்பாக இருந்தால் வேலை சுலபம்). இந்திய அரசியலமைப்பில் பேச்சுரிமைக்கான விதிவிலக்குகளைச் சொல்லும் 19(2)ஆம் பிரிவில் இருக்கும் ‘இறையாண்மை, ஒருமைப்பாடு’ 1950இல் கிடையாது. திராவிட நாடு கோரிக்கை சூடாக இருந்த காலத்தில், 1963இல், 16ஆவது திருத்தம் அதைச் சேர்த்தது. தேர்தலில் நிற்பவர்கள் அந்த இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றதும் அதே திருத்தம்தான். அந்த வருடமே தி.மு.க. கோரிக்கையைக் கைவிட்டது.

உரிமைகள் அத்தியாயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். இலங்கையில் பேச்சுரிமை 14ஆம் பிரிவில் இருக்கிறது, ஆனால் தனிநாட்டை ஆதரித்துப் பேசக்கூடாது என்ற தடை 157அ-வில், எங்கேயோ பின்னால். 1983 ஜூலைக் கலவரம் முடிந்த சூட்டோடு ஆறாவது திருத்தமாக வந்தது அது. நாட்டுக்கு வெளியே இருந்து பேசினாலும் பொருந்தும்!

அப்புறம், ‘நியாயமான’ என்ற ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்தியாவில் 1951 முதல் இருக்கிறது, அதனால் ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றம் எடைபோட முடிகிறது. மலேசியாவின் 10ஆம் பிரிவோ, நாடாளுமன்றம் தேவை என்று கருதினால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

தடை சட்டமா, வெறும் சுற்றறிக்கையா என்றும் கேளுங்கள். கேரளத்தில் மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. பள்ளி நீக்கிவிட்டது. 1986இல் உச்ச நீதிமன்றம், பாடியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, துறைச் சுற்றறிக்கை சட்டமாகாது என்று சொல்லித் திரும்பச் சேர்க்க வைத்தது.

விதிவிலக்கே எழுதப்படாத அமெரிக்கா மாதிரி நாடு என்றால் அரசியலமைப்பை மட்டும் படித்துப் பிரயோஜனமில்லை, தீர்ப்புகளுக்குப் போங்கள். கொடியை எரிப்பதும் கருத்துச் சுதந்திரத்தில் அடங்கும் என்று 1989இல் அங்கே முடிவானது 5க்கு 4 என்ற கணக்கில்தான்.