மூன்று பகுதிகளுக்கு மட்டும் தண்ணீர் வராமல் போனபோது

எங்கள் வீட்டுப் புல்வெளிக்கு ஆறு பகுதிகளாகத் தண்ணீர் தெளிக்கும் தானியங்கி அமைப்பில், ஒரு பெருமழைக்குப் பிறகு நான்கு, ஐந்து, ஆறாம் பகுதிகளின் வால்வுகள் மட்டும் திறக்கவில்லை. கட்டுப்பாட்டுப் பெட்டியையே மாற்றிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மற்ற மூன்று பகுதிகளும் ஒழுங்காக இயங்கியதால், மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன்.

மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியிலிருந்து வயர்களைக் கழற்றி, பொது வயருக்கும் ஒவ்வொரு பகுதியின் வயருக்கும் இடையே மின்தடையை அளந்தேன். வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருள்களான இவ்வகை 24 வோல்ட் ஏசி (மாறுதிசை மின்னோட்ட) சோலனாய்டுகளில் பெரும்பாலும் 20 முதல் 60 ஓம் வரை தடை இருக்கும். முதல் மூன்றும் 27 ஓம் அளவில் காட்ட, மற்ற மூன்றிலும் இணைப்பே இல்லை. மூன்று சுருள்கள் ஒரே நாளில் அறுந்துபோவது மிக அரிது என்பதால், எல்லா வால்வுகளையும் தொட்டுச் செல்லும் பொது வயர்தான் மூன்றாம் வால்வுக்கு அப்பால் விட்டுப்போயிருக்க வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

மூன்றாம் வால்வின் குழியில் சேற்றை அள்ளியதும், வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு ஒன்று தெரிந்தது. டேப்பைப் பிரித்தபோது, பச்சை பூத்திருந்த செம்புக் கம்பி விரல் பட்டவுடன் பொடியாக உதிர்ந்தது. மண்ணுக்கடியில் டேப்பை நம்பவே கூடாது. கறுத்த பகுதியை வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் வரை உறையை உரித்து, முனைகளை இறுக முறுக்கி, கிரீஸ் நிரப்பிய நீர்புகா இணைப்பானுக்குள் செருகினேன். மறுபடி அளந்தபோது ஆறு பகுதிகளும் 27 ஓமை ஒட்டியே காட்டின.