டெங்கு வார்டில் காய்ச்சல் இறங்கும் நேரம்

கொழும்பில் மழை விட்டுக் கொஞ்ச நாளில் டெங்கு நோயாளர் கூடிவிடுவார்கள். தாதிய மாணவர்களே, காய்ச்சல் விட்டதும் அளவீடுகளைத் தளர்த்தாதீர்கள். பெரும்பாலும் 3ஆம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும்.

பிரஷரில் மேல் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 100/70 என்று இருந்தது 100/80 ஆகிறது. மேல் எண் அசையவேயில்லை, ஆனால் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி 20க்கு வந்துவிட்டது. இது அதிர்ச்சி நிலையின், அதாவது உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போகாத நிலையின், அடையாளம். அடுத்த ரவுண்ட் வரை காத்திராமல் உடனே டொக்டரிடம் சொல்லுங்கள். கை குளிர்ந்திருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப 2 செக்கனுக்கு மேல் எடுக்கிறதா என்றும் பாருங்கள். 50 கிலோ ஆளுக்குச் சிறுநீர் மணிக்கு 25 மில்லிலீற்றருக்குக் குறைந்தாலும் அறிவியுங்கள். கையின் பருமனுக்குப் பொருந்தாத கஃப் கட்டினால் பிரஷர் எண்களே பிழைத்துவிடும்.