கூரை விட்டுக் கூரை: சுற்றுலா போன நகரத்தில் மழை பிடித்துக்கொண்டால்

மூன்று நாள் பயணத்தில் ஒரு நாள் மழையில் போனால் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அதனால்தான் பலரும் 'மழை நாளில் பார்க்க 15 இடங்கள்' மாதிரிப் பட்டியலைத் தேடி, அதில் நாலைக் குறித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நாலும் கூரையுள்ள இடங்கள்தான். ஆனாலும் மதியத்துக்குள் சாக்ஸ் சொதசொதவென்று ஆகி, மூன்றாவது இடத்தைப் பார்க்காமலே அறைக்குத் திரும்புகிறார்கள். காரணம், ஒரு கதவுக்கும் அடுத்த கதவுக்கும் நடுவில் உள்ள தூரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நாம் நனைவது அங்கேதான்.

ஆகவே இந்தச் செய்முறையில் இடத்தைத் தேடுவது பிறகு. முதலில் மழை, அடுத்து கதவு.

படி 1: மழைக் கணக்கு

வானிலை ஆப் 70% என்று காட்டினால் நாளில் 70 சதவீத நேரம் கொட்டும் என்று பொருளில்லை. அந்த நேரத்துக்குள் நீங்கள் இருக்கும் இடத்தில் அளக்கும் அளவுக்கு மழை விழ எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக என்பது அதில் கிடையாது. மணிவாரி மி.மீ. கணக்கைத் திறந்து பாருங்கள். மணிக்கு 2.5 மி.மீ.க்குள் என்றால் இலேசான மழை, குடை போதும். 7.6 மி.மீ. தாண்டினால் கனமழை. அப்போது குடை தலையையும் தோளையும் காக்கும். முழங்காலுக்குக் கீழே தெறிப்பிலேயே நனைந்துவிடும்.

காலையில் கிளம்பும் முன் ரேடார் படத்தை ஓடவிடுங்கள். மழைத் திட்டின் விளிம்பு 30 நிமிடத்துக்கு முன் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது? 15 கி.மீ. நகர்ந்திருந்தால் வேகம் மணிக்கு 30 கி.மீ. விளிம்பு இன்னும் 20 கி.மீ. தள்ளி இருந்தால் 40 நிமிடம் கையில் இருக்கிறது. அந்த 40 நிமிடத்தில் முதல் கதவுக்குள் போய்விட வேண்டும். இந்தக் கணக்கு ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. இடிமழையில் அதுவும் கிடையாது. அது எங்கிருந்தோ நகர்ந்து வராமல் பல சமயம் தலைக்கு மேலேயே திரண்டு கொட்டும்.

உயரக் கோபுரம், காட்சி மாடம் ஆகியவற்றுக்கு டிக்கெட் எடுத்திருந்தால் அன்று விட்டுவிடுங்கள். கூரை இருந்தாலும் கண்ணாடிக்கு வெளியே மேகம்தான் தெரியும். தேதி மாற்றிக் கொடுக்கிறார்களா என்று முந்தின இரவே பார்ப்பது நல்லது.

படி 2: விடுமுறை நாள்

ஒரே வரியில் முடிந்துவிடும் படி, தவறினால் அரை நாள் போய்விடும். மியூசியம் என்றால் திங்கள் விடுமுறை என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். பாரிஸ் ஓர்சே மியூசியத்துக்கு அது சரி. ஆனால் லூவர் மூடுவது செவ்வாய். ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்துக்கு வெள்ளி. டோக்கியோ தேசிய மியூசியம் திங்கள் மூடும். அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்துவைத்து செவ்வாய் மூடுவார்கள். கூரையிட்ட சந்தைகளுக்கும் விடுமுறை உண்டு: இஸ்தான்புல் பெரிய பஜார் ஞாயிற்றுக்கிழமை திறக்காது. மேப்பில் காட்டும் நேரத்தை நம்பாமல் அந்த இடத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். கடைசி அனுமதி நேரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூடும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே டிக்கெட் கவுண்டரை அடைத்துவிடும் இடங்கள் நிறைய.

படி 3: வெட்டவெளித் தூரம்

எல்லோரும் சறுக்குவது இந்தப் படியில்தான், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அறையிலிருந்து கிளம்பித் திரும்பும் வரை கூரையில்லாமல் நடக்க வேண்டிய மீட்டர்களைக் கூட்டுங்கள். அதுதான் வெட்டவெளித் தூரம். நாள் முழுவதற்கும் 500 மீட்டருக்குள் நிற்கும்படி திட்டம் போடலாம். 1 கி.மீ. தாண்டினால், நல்ல மழையில் எந்தக் குடையும் உதவாது.

மேப்பில் இதை அளக்கும்போது இரண்டு தப்பு நடக்கும். முதலாவது, மேப் ஊசி பெரும்பாலும் கட்டடத்தின் நடுவில் குத்தியிருக்கும், வாசலில் இருக்காது. பெரிய மியூசியத்தில் ஊசிக்கும் வாசலுக்கும் நடுவே 200 மீட்டர் சாதாரணம். மேப்பில் பார்த்த பக்கம் இறங்கி, மதிலைச் சுற்றி அரைவட்டம் அடிக்கும்போதுதான் முழுதாக நனைவோம். சாட்டிலைட் காட்சிக்கு மாற்றி வாசல் எது என்று கண்ணால் பாருங்கள். மழை நாளில் எல்லா வாசலும் திறந்திருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். டிக்கெட் உள்ளவர்களுக்கு ஒன்று, குழுக்களுக்கு ஒன்று என்று பிரித்திருப்பார்கள்.

இரண்டாவது, மெட்ரோ ஸ்டேஷனின் எந்த வாயில் என்பது. டோக்கியோ ஷின்ஜுகு ஸ்டேஷனில் 200க்கும் மேற்பட்ட வாயில்கள் இருக்கின்றன. தப்பான வாயிலில் ஏறினால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்பீர்கள். மேப் ஆப் வாயில் எண்ணைச் சொல்லும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நிலத்தடியில் சிக்னல் போய்விடும்.

வாயில் சரியாக அமைந்தால் என்ன ஆகும் என்பதற்கு லூவரே உதாரணம். பலேய் ரொயால் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து கருசேல் வணிக வளாகம் வழியாக நிலத்தடியிலேயே நடந்து கண்ணாடிப் பிரமிடின் அடியில் போய் நிற்கலாம். வெட்டவெளித் தூரம் பூஜ்யம். மேலே பிரமிடு வாசல் வரிசையில் நிற்பவர்கள் அந்த நேரம் நனைந்துகொண்டிருப்பார்கள். லண்டன் சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலும் இப்படித்தான்: 1885இல் கட்டிய 400 மீட்டருக்கும் மேல் நீளமான நடைச் சுரங்கம் ஒன்று இயற்கை வரலாற்று மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், அறிவியல் மியூசியம் மூன்றையும் நோக்கிப் போகிறது. மூன்றிலும் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. சுரங்கம் திறந்திருக்கிறதா என்று ஸ்டேஷனிலேயே கேட்டுவிடுங்கள். ஏதாவது வேலை நடக்கும்போது அடைத்துவிடுவார்கள்.

மழைக்காகவே கட்டிய தெருக்களும் இருக்கின்றன. சேறும் மழையும் படாமல் கடை பார்க்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்கள் கண்ணாடிக் கூரைத் தெருக்களைக் கட்டின. பாரிஸில் 1800இல் திறந்த பனோரமா பாதையில் நுழைந்தால், எதிரே ஜூஃப்ருவா, அதைத் தாண்டி வெர்தோ என மூன்று பாதைகள் ஒரே நேர்கோட்டில் வரும். குறுக்கே இரண்டு ரோடுகளை மட்டும் கடக்க வேண்டும். ஜூஃப்ருவா வாசலை ஒட்டியே கிரெவின் மெழுகுச்சிலை மியூசியம். பிரஸ்ஸல்ஸில் 1847இன் செயின்ட் ஹியூபர்ட் கேலரி, மிலானில் 1877இல் முடிந்த விட்டோரியோ இமானுவேல் கேலரி ஆகியவையும் இதே வகைதான். மழை நாளில் பேரங்காடியை விட இவற்றுக்கே என் ஓட்டு. கண்ணாடியில் மழை விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டே நடக்கலாம்.

டொரொன்டோவில் பாத் என்னும் நிலத்தடி நடைபாதை சுமார் 30 கி.மீ. ஓடுகிறது. யூனியன் ரயில் நிலையத்திலிருந்து வெளியே தலை காட்டாமல் ஹாக்கி மியூசியம் வரை போகலாம். ஆனால் அது அலுவலகக்காரர்களை நம்பி நடக்கும் இடம். சனி, ஞாயிறில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும், சாப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு தேவை.

கூரை இருக்கிறது என்பதாலேயே ஒரு இடத்தைச் சேர்த்துவிடாதீர்கள். ரோமின் பாந்தியன் கும்மட்டத்தின் உச்சியில் சுமார் 9 மீட்டர் அகலத்துக்குத் திறப்பு இருக்கிறது. மழை நேராக உள்ளே விழுந்து, தரையில் உள்ள சிறு துளைகள் வழியாக வடியும். பார்க்க வேண்டிய காட்சிதான், ஒதுங்குவதற்கான இடமாக மட்டும் எண்ண வேண்டாம்.

படி 4: இரண்டே வேளை

நாளுக்கு இரண்டே கதவு: பெரியது ஒன்று, சிறியது ஒன்று. மூன்றாவதைச் சேர்க்காதீர்கள், சேர்த்தால் நடுவில் ஒரு பயணம் கூடும், வெட்டவெளியும் கூடும்.

மழை நாளில் நகரத்தில் உள்ள பயணிகள் எல்லோரும் அந்த ஊரின் மிகப் பெரிய மியூசியத்துக்குத்தான் ஓடுவார்கள். அதுவும் காலைச் சாப்பாடு முடித்து, கொஞ்சம் நிற்குமா என்று பார்த்துவிட்டு, 11 மணிக்கு வந்து சேருவார்கள். அந்த வரிசை கட்டடத்துக்கு வெளியே நிற்கும். எனவே பெரிய இடம் என்றால் திறப்பதற்கு 20 நிமிடம் முன்பே போய்விடுங்கள், அல்லது மாலை நேர நீட்டிப்பு உள்ள நாளில் போங்கள். லூவர் புதன், வெள்ளியில் இரவு 9 வரை. பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளியில் 8.30 வரை. நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் சிறிய இடத்துக்கும் விடுங்கள். பெரிதைக் காலி நேரத்திலும் சிறிதைக் கூட்ட நேரத்திலும் வைப்பதுதான் சூத்திரம்.

படி 5: உள்ளே போய் என்ன செய்வது

மியூசியத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கால் வலிக்கிறது, கண் பார்க்கிறது, மனதில் ஒன்றும் ஏறுவதில்லை. இதற்குப் பெயரே உண்டு: மியூசியம் சோர்வு. பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இல் அந்தத் தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒருவர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படமாகவே எடுத்துப் போட்டார்.

மாற்றுவழி, ஒரு தளம் மட்டும், அதில் ஐந்து பொருள் மட்டும். ஐந்தில் ஒன்றை வரையுங்கள். வரையத் தெரியாதவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். ஏ5 அளவு நோட்டும் ஹெச்.பி. பென்சிலும் போதும். பேனாவும் வண்ணமும் பல கூடங்களில் கூடாது, பென்சிலுக்குப் பொதுவாகத் தடை இல்லை. நிற்கும் சிலை ஒன்றின் முன் உட்காருங்கள். முகத்தை விடுங்கள். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு காலில் எடை போட்டு நிற்கும் சிலையில் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறியிருக்கும், அதே பக்கத் தோள் இறங்கியிருக்கும். இடுப்புக்கு ஒரு சாய்கோடு, தோளுக்கு எதிர்ச் சாய்கோடு, இரண்டையும் சேர்க்க முதுகுத்தண்டுக்கு ஒரு வளைவு. மூன்றே கோட்டில் சிலை நோட்டில் நிற்க ஆரம்பித்துவிடும். பத்து நிமிடத்தில் முடியும் வேலை. போட்டோ எடுத்தவர்கள் மறந்த பிறகும் அந்தச் சிலை உங்களுக்கு நினைவிருக்கும்.

கைவினை வகுப்புகள் மழைக்கு ஏற்றவை. ஆனால் பானை வனையும் வகுப்பில் சேரும் முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: செய்ததை அன்றே எடுத்துப்போக முடியாது. களிமண் முழுக்க உலரச் சில நாட்கள் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும். ஈரத்தோடு சூளையில் வைத்தால் நீராவி வெடித்து உடையும். அப்புறம் பெரும்பாலும் இரண்டு முறை சுட வேண்டும். ஏற்கெனவே சுட்ட கோப்பையில் வண்ணம் தீட்டும் வகுப்பானாலும் மெருகுச் சூடு, அதாவது மேல்பூச்சு பளபளக்கச் சுடுவது, பாக்கி இருக்கும். அஞ்சலில் அனுப்புவார்களா என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள். அன்றே கையோடு எடுத்துப்போக வேண்டுமா? அச்சுக்கட்டை துணி அச்சு, புத்தகம் கட்டுதல், நீரில் மிதக்கும் வண்ணத்தில் தாள் தோய்க்கும் வகுப்பு ஆகியவற்றைத் தேடுங்கள். தாளைச் சுருட்டாமல் வைக்க ஒரு அட்டைக் கோப்பு கொண்டுபோங்கள்.

சினிமா என்றால் மொழி. ஜெர்மனியில் காட்சி நேரத்தின் பக்கத்தில் ஓ.எம்.யு. என்று போட்டிருந்தால் மூல மொழி, ஜெர்மன் துணைத்தலைப்போடு. பிரான்ஸில் வி.ஓ. என்றால் மூல மொழி, வி.எஃப். என்றால் பிரெஞ்சு டப்பிங்.

எதுவும் தோதுப்படவில்லை என்றால் வட்டமாக ஓடும் ரயிலில் ஏறுங்கள். டோக்கியோ யாமனோதே பாதை 30 ஸ்டேஷன், 34.5 கி.மீ., ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம். பெர்லின் ரிங்பானும் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பெரும்பகுதி தரைக்கு மேலே ஓடுவதால் நகரத்தின் முதுகுப்பக்கம் ஜன்னலில் ஓடும். அலுவலக நேரத்தில் மட்டும் வேண்டாம்.

படி 6: பை

தலைக்கு ஒரு ஜோடி மாற்றுச் சாக்ஸ், ஜிப் கவரில். இதை மட்டும் மறக்காதீர்கள். ஈரச் சாக்ஸோடு 3 கி.மீ. நடந்தால் குதிகாலில் கொப்புளம். 8 கம்பி மடக்குக் குடை ஒன்று, அதை ஈரத்தோடு போட ஒரு பிளாஸ்டிக் பை. நீளக் குடை நன்றாகக் காக்கும், ஆனால் மியூசியத்தில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், திரும்பப் பெற மறுபடி வரிசை. ரெயின் பாஞ்சோ வேண்டாம். உள்ளே போனதும் அதைச் சொட்டச் சொட்ட எங்கே வைப்பது என்பதே பெரிய பாடாகிவிடும். ஜீன்ஸையும் அறையிலேயே விடுங்கள், நனைந்தால் அன்று காயாது.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

அறையைக் காலி செய்யும் நாளில் மழை வந்தால்? பெட்டியோடு மியூசியத்துக்குப் போகாதீர்கள். லூவரில் 55 × 35 × 20 செ.மீ.க்கு மேற்பட்ட பெட்டியை உள்ளேயே விடமாட்டார்கள். ஹோட்டலில் அல்லது ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு, அந்த ஸ்டேஷனிலிருந்தே வெட்டவெளித் தூரத்தைக் கணக்குப் போடுங்கள்.

கேமரா லென்ஸ் மூடுபனி மாதிரி மங்குகிறதே? குளிர்ந்த பொருள் ஈரக் காற்றில் பட்டால் நீர் படியும். குளிர் ஊரில் உள்ளே நுழையும்போதும், வெப்ப ஊரில் ஏசியிலிருந்து வெளியே வரும்போதும் இது நடக்கும். துடைக்காமல், பையை மூடியபடியே 20-30 நிமிடம் விடுங்கள்.

ஷூ நனைந்துவிட்டால், உள்ளட்டையை உருவித் தனியே வையுங்கள். செய்தித்தாளைக் கசக்கி நுனி வரை திணித்து, முதல் இரண்டு மணி நேரத்தில் இரண்டு முறை மாற்றுங்கள். ஈரத்தை உறிஞ்சிய தாளை உள்ளேயே விட்டால் ஈரமும் அங்கேயே இருக்கும். பிறகு ஃபேன் காற்றில் விடுங்கள். ஹேர் டிரையர், ஹீட்டர் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பசை விட்டு அடி பிளந்துகொள்ளும். காலையில் போடும் முன் விரலை உள்ளே நுனி வரை விட்டுப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் நுனியில் ஈரம் நிற்கும்.