வெலாசிட்டி ஏறினால் ஸ்க்ரம் ஜெயித்ததா? அளப்பதில் நடக்கும் சில தவறுகள்

போன வாரம் ஒரு இளம் டீம் லீட் ஆசையாக ஒரு கிராஃபைக் காட்டினார். ஸ்க்ரமுக்கு (மென்பொருள் வேலையை ஸ்பிரின்ட் என்னும் சின்னச் சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் முறை) மாறிய ஆறு மாதத்தில் வெலாசிட்டி, அதாவது ஒரு ஸ்பிரின்ட்டில் டீம் முடிக்கும் ஸ்டோரி பாயின்ட்டுகளின் கூட்டல், 22-லிருந்து 40. இதே கிராஃபை ஒரு காலத்தில் நானும் போட்டுக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் வயிற்றைக் கலக்கியது. கோட் வரிகளை எண்ணக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடலாம்.

வெலாசிட்டியை வைத்து வழிமுறைக்கு மார்க் போடுவது

ஸ்டோரி பாயின்ட் கிலோவோ மீட்டரோ அல்ல. "போன தடவை செய்ததைவிட இது எவ்வளவு பெரிசு?" என்று ஒரு டீம் தனக்குள் பேசிவைத்துக்கொள்ளும் ஊகம். அடுத்த ஸ்பிரின்ட்டில் எவ்வளவு எடுக்கலாம் என்று பார்க்க அது போதும். அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்கக் கூடாது.

நான் கேட்டேன். வெலாசிட்டி ஏற வேண்டும் என்று ரிவியூவில் சொன்னேன், ஏறியது. யாரும் பொய் சொல்லவில்லை. 3-ஆ 5-ஆ என்று சந்தேகம் வந்தபோதெல்லாம் 5 என்று முடிந்தது, அவ்வளவுதான். அப்புறம் பழைய டிக்கெட்டுகளை (ஒவ்வொரு வேலைக்கும் போடும் பதிவுகளை) தோண்டினேன். ஒரு ஃபார்மில் தேதிக்கு ஒரு கட்டம் சேர்ப்பது ஜனவரியில் 2 பாயின்ட். ஜூலையில் வேறொரு ஃபார்மில் அச்சு அசலாக அதே வேலை, 5 பாயின்ட். இரண்டுமே ஒரு நாள் வேலைதான். பயனர் கைக்குப் போன ரிலீஸ்களோ ஒன்றுகூடக் கூடவில்லை. அதற்குள் என் கிராஃபை நம்பி இன்னும் மூன்று டீம்களை ஸ்க்ரமுக்கு மாற்றி, நான்கின் வெலாசிட்டியையும் ஒரே அட்டவணையில் போட்டுவிட்டார்கள். வீக்கம் எல்லோருக்கும் தொற்றியது. ஒரு வருடம் போனது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது, முதலில் என் மேலேயே.

பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இல் பணக் கொள்கையைப் பற்றிச் சொன்னது இதுதான்: புள்ளிவிவரத்தில் தெரியும் ஒழுங்கைப் பிடித்துக் கட்டுப்படுத்தப் போனால் அந்த ஒழுங்கே குலைந்துவிடும்.

சரி, எதை அளப்பது? கோட் கமிட் ஆன (எழுதி முடித்துப் பதிவான) நேரத்துக்கும் புரொடக்‌ஷனுக்குப் (பயனர் பயன்படுத்தும் இடத்துக்குப்) போன நேரத்துக்கும் உள்ள இடைவெளி. போனதில் எத்தனை உடைந்தது, உடைந்ததைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆனது. இவற்றில் ஊகம் இல்லை, லாகில் (கணினி தானே எழுதிவைக்கும் பதிவில்) இருக்கிறது. சராசரியை நம்பாமல் மீடியனை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணைப் பாருங்கள். மூன்று மாதம் கிடந்த ஒரே டிக்கெட் சராசரியை இழுத்துவிடும். இவற்றையும் இலக்காக்கினால் இதே கதைதான்.

பக் (பிழை) எண்ணிக்கை ஏறியதும் பதறுவது

புதிய முறையில் டெஸ்ட் அதிகம் எழுதினால் பக்கும் அதிகம் சிக்கும். முன்பு அவை பயனரிடம் சிக்கிக்கொண்டிருந்தன. எங்கே பிடிபட்டது என்று பிரித்து எண்ணுங்கள்.

இருப்பதிலேயே மோசமான டீமில் சோதிப்பது

படுமோசமான காலாண்டுக்கு அடுத்தது, எதையும் மாற்றாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் தேறித்தான் இருக்கும். நல்ல பெயர் புதிய முறைக்குப் போய்விடும்.

மாறுவதற்கு முன் அளக்காமல் விடுவது

அப்புறம் தேடினால் கிடைக்காது.

அதே எண்களை அப்ரைசலுக்குக் கொண்டுபோவது

வேண்டாம்.