பாடலில் வரும் அணியைக் கண்டறியும் முறை

செய்யுளுக்கு அழகு சேர்க்கும் அணிகளைப் பற்றிய அணி இலக்கணத்தைப் படிக்கத் தொடங்குபவர்கள் வரையறைகளை மனப்பாடம் செய்துவிட்டு, படித்திராத பாடல் ஒன்றைக் கண்டதும் திகைத்து நிற்பதுண்டு. தண்டியலங்காரம் என்னும் அணி இலக்கண நூல் கூறும் பொருளணிகள் (பொருளால் அழகு தருபவை) 35. தொடக்க நிலையில் அடிக்கடி எதிர்ப்படுபவையோ பெரும்பாலும் உவமையிலிருந்து கிளைத்தவையே. ஆகவே உவமை எங்கே நிற்கிறது, பொருள் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் பழகினால் போதும்.

படி 1: பாடலின் கருத்தை உரைநடையில் எழுதி, கவிஞர் சொல்ல வந்த பொருளையும் (உவமேயம்) அதை விளக்கக் கொண்டுவந்த உவமையையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: போல, அன்ன, ஒப்ப, நிகர முதலிய உவம உருபுகளைத் தேடுங்கள். உருபு வெளிப்படையாக வந்தால் அது உவமையணி. உருபு மறைந்து, உவமை ஒரு தொடராகவும் பொருள் மற்றொரு தொடராகவும் நின்றால் எடுத்துக்காட்டு உவமையணி. எழுத்துகளுக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல் என்னும் முதற்குறள் அத்தகையது.

படி 3: பலர் தடுமாறும் இடம் உருவகம். ‘மலரடி’ என்பதில் உவமை முன்னே நிற்கிறது, விரித்தால் ‘மலர் போன்ற அடி’ என்றாகும், இது உவமைத்தொகை. ‘அடிமலர்’ என்று மாற்றினால் பொருள் முன்னே வந்து, ‘அடியாகிய மலர்’ என இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, இதுவே உருவகம். ஐயம் எழும்போதெல்லாம் ‘போன்ற’, ‘ஆகிய’ இரண்டையும் இடையில் வைத்துப் பாருங்கள். தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகித்து மற்றதை விட்டுவிட்டால் ஏகதேச உருவகம்: 505ஆம் குறள் செயலை உரைகல்லாக்குகிறது, மக்களின் குணத்தைப் பொன்னாக்கவில்லை.

படி 4: உவமை மட்டும் இருந்து, பொருளை நாமே உய்த்துணர வேண்டியிருந்தால் பிறிதுமொழிதல் அணி. மயிற்பீலியையும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று மட்டுமே 475ஆம் குறள் சொல்கிறது. எளிய பகைவரும் பலராய்ச் சேர்ந்தால் வலியவனும் அழிவான் என்பதே நாம் உய்த்துணரும் பொருள், ஆனால் பகைவரைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

படி 5: இயல்பாக நிகழும் ஒன்றுக்குக் கவிஞர் தம் கற்பனையால் வேறு காரணம் ஏற்றினால் தற்குறிப்பேற்றம். மாலையில் கூம்பும் தாமரையை, ‘கதிரவனின் பிரிவைக் காணப் பொறாது கண்மூடியது போல’ என்றால், ‘போல’ வந்திருந்தும் அது வெறும் உவமையன்று.

படி 6: விடை எழுதும்போது அணியின் பெயர், விளக்கம், பாடலோடு அது பொருந்தும் விதம் என்னும் வரிசையில் எழுதுங்கள். மூன்றாவதைச் சுருக்கிவிடாமல், பாடலின் எந்தச் சொல் உவமை, எது பொருள் என்பதைச் சுட்டிக்காட்டுங்கள்.