டெல்டாவிலிருந்து ஜெர்மனிக்குப் போகும் ஆய்வாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், ஆடுதுறை, திருவாரூர் பக்கமிருந்து மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்கு வருகை ஆய்வாளராகப் போகிறவர்கள் விசா, டிக்கெட், ஸ்வெட்டர் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்வார்கள். கோட்டை விடுவது வேறு இடங்களில்.

முதலில் தேதி. நெல் வயலில் ஆய்வு செய்கிறவர் சம்பா அறுவடை முடிந்து, மகசூல் கணக்கெல்லாம் எடுத்துவிட்டு மாசியில் கிளம்பலாம் என்பார். நம் பருவத்துக்கு அது சரி. அங்கே பிப்ரவரி நடுவில் வகுப்புகள் முடிந்துவிடும். மறுபடி தொடங்குவது ஏப்ரலில். இடையில் பேராசிரியர் மாநாட்டுக்கோ களப்பணிக்கோ போயிருப்பார். மூன்று மாத உதவித்தொகையில் பாதி இப்படியே கரைந்துவிடும். குறுவை நட்டாச்சு, ஆகஸ்டில் போகலாம் என்றாலும் அதே கதைதான். அக்டோபர் நடுவில்தான் ஆள் சேரும். அங்குள்ள ஆய்வகக் கருவியைப் பயன்படுத்தினால் மட்டும் போதும் என்றால் இந்த மாதங்களே நல்லது, போட்டி குறைவு. ஆட்களோடு பேசிப் பழகிக் கற்கப் போகிறவர் ஏப்ரல் தொடக்கத்திலோ அக்டோபரிலோ போய் இறங்க வேண்டும்.

அடுத்தது பெட்டி. திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கினால் அடுத்த வருடம் 4 கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம். விதை கைமாறுவது நமக்கு அவ்வளவு இயல்பு. அந்தப் பழக்கத்தில் மாப்பிள்ளைச் சம்பா ஒரு பொட்டலம், வயல் மண் ஒரு பொட்டலம் என்று துணிகளுக்கு நடுவே வைத்துவிடாதீர்கள். 2019 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகும் விதை, செடி, பழம் எதற்கும் பயிர் நலச் சான்றிதழ் கட்டாயம். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. மண்ணைச் சிறப்பு அனுமதி இல்லாமல் உள்ளே விடவே மாட்டார்கள். இங்கேயும் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. ஆய்வுக்காக விதையோ நுண்ணுயிரோ வெளிநாட்டுக்குப் போவதென்றால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவையா என்று முன்பே கேட்டுவிடுங்கள். காகிதம் நகர மாதங்கள் ஆகலாம். அழைப்புக் கடிதம் வந்த வாரமே தொடங்குவது நல்லது. ஆமாம், அம்மா காய்ச்சிக் கொடுத்த நெய்யையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பால் பொருள்களும் இறைச்சியும் பயணிகள் பெட்டியில் போகக் கூடாது. பருப்புப்பொடிக்குப் பிரச்சினை இல்லை.

வாடகை மலிவு என்று தெரிந்தவரின் தெரிந்தவர் வீட்டில் அறை பிடிப்பது இன்னொரு தவறு. மூன்று மாதத்துக்கு மேல் தங்குகிறவர் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். கையெழுத்துக்கு மழுப்புகிறார் என்றால் அந்த அறை வேண்டாம். அந்தப் பதிவு இல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து குடியிருப்பு அனுமதி வரை எல்லாம் இழுபறியாகும்.

வேலையில் சேர்ந்தபின் பலரும் செய்வது, கூப்பிடட்டும் என்று காத்திருப்பது. "சார் பிஸியா இருக்கார், தொந்தரவு பண்ண வேண்டாம்" என்பது இங்கே மரியாதை. அங்கே பேராசிரியர், ஆள் தன் வேலையைப் பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொள்வார். முதல் வாரத்திலேயே நேரம் கேட்டு வாங்கி, என்ன வேலை, எந்தக் கருவி, எத்தனை நாள் என்று பேசி, பேசியதை மின்னஞ்சலில் எழுதியும் அனுப்பிவிட வேண்டும். மதியம் டப்பாவைத் திறந்து மேசையிலேயே தயிர்சாதம் சாப்பிடுவதும் இதில் சேர்த்திதான். பதினொன்றரைக்கே எல்லோரும் உணவகத்துக்குக் கிளம்புவார்கள். பசிக்கிறதோ இல்லையோ, கூடவே போங்கள். எந்தக் கருவி பழுது, யாரிடம் கேட்டால் வேலை நடக்கும் என்பதெல்லாம் அந்த மேசையில்தான் தெரியவரும்.

கடைசியாகக் கட்டுரையில் யார் யார் பெயர் என்பது. துறைத்தலைவர் பெயரை மரியாதைக்குச் சேர்ப்பது இங்கே பல இடங்களில் சகஜம். ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் 2019 நெறிமுறை, பங்களிக்காதவரைக் கௌரவத்துக்காக ஆசிரியராகச் சேர்க்கக் கூடாது என்று சொல்கிறது. கட்டுரை எழுதி முடித்தபின் இதைக் கிளப்பினால் இரண்டு பக்கமும் மனக்கசப்பு. கிளம்பும் முன்பே துறைத்தலைவரிடம் இந்த விதியைக் காட்டிப் பேசிவிடுங்கள். விதி அவர்களுடையது என்பதால் உங்கள்மேல் வருத்தம் குறையும். அவர் உண்மையிலேயே வயலிலோ தரவிலோ பங்களித்திருந்தால் அதை அப்போதே எழுதிவைத்தும் கொள்ளலாம்.